எல்லை தாண்டினால் மூன்று சென்டிமீட்டர்

லுஸ்டெனாவ், ஆஸ்திரியா
26 மே 2015

அன்புள்ள வெரேனா அக்காவுக்கு,

நேற்று உனக்கு ஏழு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. கடைசியில் ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. போனில் என் குரலைக் கேட்டால் இளகிவிடுவாயாம், அதனால் நான் எழுத வேண்டுமாம், எழுதும்போதாவது பொய் சொல்ல எனக்குக் கை கூசுமாம். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடம் முடித்த பிறகு இவ்வளவு பெரிய தாளை நான் தொட்டதே இல்லை. பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழிக்காதே.

விஷயம் இதுதான். என் கார் போலீஸிடம் மாட்டிக்கொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் ரெகீனாவுக்குத் திடீரென்று வெள்ளரி ஊறுகாய் வேண்டும் என்று தோன்றிவிட்டது. எட்டு மாதக் கர்ப்பிணி கேட்டால் முடியாது என்று சொல்ல முடியுமா? வாங்கிக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வண்டியை வெளியே திருப்பினால், வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். அவர்களில் வயதானவர் கை காட்டி நிறுத்தினார். மஞ்சள் வண்ணம் அடித்த ஒரு மரக்கட்டையை எடுத்து வந்தார். செய்தித்தாளை விரித்து அதன் மேல் மண்டியிட்டு, கட்டையை என் வண்டிக்கு அடியில் தள்ளினார். அதன் உயரம் பதினோரு சென்டிமீட்டர். இந்த நாட்டில் பதிந்த எந்த வண்டிக்கும் அடியில் அந்தக் கட்டை போக வேண்டும். அது என் சைலன்சரில் முட்டி நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் வண்டியின் உயரத்தைக் குறைத்து, தரையோடு தரையாக இறக்கி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி எனக்கும் இருக்கிறது. மற்றவர்கள் பர்ஸைத் திறந்து பிள்ளைகளின் படத்தைக் காட்டுவார்கள், நாம் கோப்பைத் திறந்து, வண்டியில் செய்த மாற்றங்களுக்கு வாங்கிய முத்திரைகளைக் காட்டுவோம். அந்த நீலக் கோப்பை எடுத்து நீட்டினேன். பதினான்கு மாற்றங்கள், பதினான்கு முத்திரைகள், ஒன்று கூட விட்டுப்போகவில்லை. "ஜெர்மனியில எட்டு சென்டிமீட்டர்னு முறையா எழுதிக் குடுத்திருக்காங்க சார். எங்க அக்காவே வண்டி பரிசோதகர்தான். வண்டியும் அவங்க பேர்லதான் இருக்கு" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் அவசரப்படவில்லை. எல்லாப் பக்கங்களையும் படித்தார். பிறகு பின்சீட்டை எட்டிப் பார்த்தார்.

"அக்கா வண்டியில உங்க குழந்தைக்கு சீட்டு மாட்டியிருக்கீங்களா?" என்றார்.

ஆமாம் அக்கா. பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் சீட்டை மாட்டிவிட்டேன். போதாததற்கு முன்கண்ணாடியில் லுஸ்டெனாவ் குடியிருப்பவர்களுக்குத் தரும் நிறுத்துமிட அட்டை வேறு. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, முன்னும் பின்னும் நம்பர் பிளேட்டைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். ஊறுகாய்ப் பாட்டிலோடு நடந்து வீட்டுக்கு வந்தேன்.

ஜெர்மன் வண்டி விருந்தாளியாக வந்து போனால் ஜெர்மன் கணக்கே போதும். இங்கேயே குடியிருப்பவன் ஒரு மாதத்துக்குள் வண்டியை இங்கே பதிந்துவிட வேண்டும், பதிந்தால் பதினோரு சென்டிமீட்டர். நான் வந்து இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகிறது. இது உனக்கும் தெரியும்.

இனி உனக்கு இங்கிருந்து மாவட்ட அலுவலகத்தின் கடிதம் வரும். வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று உரிமையாளரான உன்னைக் கேட்பார்கள். உன் வண்டி, உன் வீட்டில்தான் நிற்கும், விடுமுறைக்குத் தம்பி இரவல் வாங்கினான் என்று நாலு வரி எழுதிப் போடு. அவ்வளவுதான். அபராதத்துக்காகக் கேட்கவில்லை. ரோப் கார் நிலையத்தில் இயக்கப் பொறுப்பாளர் பதவிக்கு என் பெயரைத்தான் அனுப்பப்போகிறார்கள் என்று சொன்னேனே, அந்தப் பட்டியல் ஜூனில் அரசாங்கத்துக்குப் போகிறது. ஆள் நம்பகமானவனா என்று பார்ப்பார்கள். இரண்டரை வருடம் ஏமாற்றினான் என்று ஒரு தாள் இருந்தால் என் கதை முடிந்தது.

நாலே வரி, அக்கா.

உன் கிலியான்


கெம்ப்டன், ஜெர்மனி
30 மே 2015

கிலியானுக்கு,

அலுவலகக் கடிதம் இன்று காலை வந்தது. பதில் சொல்ல ஜூன் 13 வரை அவகாசம். நாலு வரி போதாது, தனியாகப் படிவமே வைத்திருக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில், மேலே சொன்னவை உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

குழந்தை சீட்டைப் பற்றிப் படித்தபோது சிரித்தேன். சிரித்ததற்காக என் மேல் எனக்கே கோபம் வந்தது.

2012 அக்டோபரில் என் சமையலறையில் உட்கார்ந்து நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ரெண்டே மாசம் அக்கா. அங்க போய் வண்டிய உயரம் ஏத்திப் பதிவு பண்ற வரைக்கும் உன் பேர்ல இருக்கட்டும்." நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த இரண்டு மாதம் முடியவே இல்லை. அடுத்த வருடம் சோதனைக்கு வண்டியை எங்கள் நிலையத்துக்கே கொண்டுவந்தாய். என்னோடு வேலை செய்கிற வெண்டெலின்தான் பார்த்தார். அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை, வண்டி அப்பழுக்கில்லாமல் இருந்தது. அது முடியும் வரை நான் கேண்டீனில் உட்கார்ந்து ஆறிப்போன காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். ஏன் இன்னும் அங்கே பதியவில்லை என்று கேட்டிருந்தால் நீ உண்மையைச் சொல்லியிருப்பாய், அதனால்தான் நான் கேட்கவில்லை. ஆகவே எல்லாப் பழியையும் உன் மேல் போட எனக்கு உரிமை இல்லை.

ஆனால் கையெழுத்துப் போட முடியாது.

என் வேலை என்ன என்று நீ மறந்துவிட்டாய். தினமும் காலையில் இறக்கிய வண்டிகள் வரிசையாக வரும். சோதனைக்காக அன்று காலையில்தான் திருகி ஏற்றியிருப்பார்கள், வீட்டுக்குப் போனதும் திரும்ப இறக்கிவிடுவார்கள். ஸ்பிரிங் திருகில் அழுக்குப் படியாத ஒரு வளையம் பளிச்சென்று தெரியும். அதைக் காட்டி, எத்தனை மணிக்கு ஏற்றினீர்கள் என்று கேட்பேன். பாதிப் பேர் தரையைப் பார்ப்பார்கள். திருப்பி அனுப்பிவிடுவேன். நீ சொல்கிறபடி எழுதிவிட்டு, மறுநாள் எந்த முகத்தோடு அந்தக் கேள்வியைக் கேட்பேன்? தெரிந்தே பொய்க் கையெழுத்துப் போட்ட பரிசோதகரிடம் முத்திரையை விட்டுவைக்க மாட்டார்கள். விட்டுவைக்கவும் கூடாது.

எந்த நாட்டுச் சட்டம் சரி என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. எங்களிடம் இத்தனை சென்டிமீட்டர் என்று சட்டத்தில் எண்ணே இல்லை. பரிசோதகர் பார்த்து, ஓட்டி, மேட்டில் ஏற்றி முடிவு செய்வார். உங்களிடம் ஒரு மஞ்சள் கட்டை. ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுவிட்சர்லாந்தில் ஸ்டியரிங்கை மாற்றினால் கூடத் தாள் கேட்பார்கள். ஒரே மலை, ஒரே மழை, மூன்று சட்டம். எனக்கும் அது கிறுக்குத்தனமாகத்தான் படுகிறது. இருந்தாலும் நீ எந்த ஊரில் குப்பையை வெளியே வைக்கிறாயோ அந்த ஊர்ச் சட்டம்தான் உன் சட்டம்.

ரெகீனாவைக் கேட்டதாகச் சொல். அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வரி கூட எழுதவில்லை.

வெரேனா


லுஸ்டெனாவ்
3 ஜூன் 2015

அக்கா,

ரெகீனாவின் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கால் மட்டும் வீங்கியிருக்கிறது. நேற்று மருத்துவமனைக்குப் பேருந்தில் போனோம். நின்றுகொண்டேதான் போனாள். பிளேட் இல்லாத வண்டியை இழுவை வண்டியில் கொண்டுவந்தேன், கராஜில் தூங்குகிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முத்திரை மகாராணி எழுதிய தீர்ப்பு மாதிரி இருந்தது. கோபத்தில்தான் எழுதுகிறேன், எழுதி முடித்து உறையில் போடும் வரை கோபம் தீராது என்று நினைக்கிறேன்.

வண்டியை இறக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது யார்? அப்பாவின் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் இரும்பு அறுக்கும் கிரைண்டரை வைத்து ஸ்பிரிங்கை அறுத்தது யார்? தீப்பொறி பறக்க, முடியைத் துணியால் கட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு சுத்து அறுக்கலாம்டா" என்று சொன்னது யார்? நம் ஆல்காய் வட்டாரம் முழுக்க உன் வண்டியை விடத் தாழ்ந்த வண்டி இருந்ததா? அப்போது எந்தப் பரிசோதகரிடம் போனாய்? இப்போது மட்டும் உனக்கு மரக்கட்டை புனிதமாகிவிட்டது.

மூன்று சென்டிமீட்டர்தானே, ஏற்றித் தொலையேன் என்று நினைக்கிறாய். ரெகீனாவும் அப்படித்தான் நினைக்கிறாள். உங்கள் இருவருக்கும் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஊருக்கு வந்த முதல் எட்டு மாதம் ரோப் கார் நிலையத்தில் யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நான் வாயைத் திறந்தாலே "ஜெர்மன்காரன் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டான்" என்பார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரைன் கரையில் வண்டியை நிறுத்தினேன். அங்கே மூன்று நாட்டுப் பையன்களும் வருவார்கள். நம்பர் பிளேட்டைப் பார்க்கவே வேண்டாம், உயரத்தை வைத்தே எந்த நாட்டு வண்டி என்று சொல்லிவிடலாம். சுவிஸ் வண்டிகள் கம்பெனியிலிருந்து நேராக வந்தவை மாதிரி நிற்கும், இங்கத்திய வண்டிகளுக்கு அடியில் ஒரு பூனை போகும், என் வண்டிக்கு அடியில் பூனை தலையைக் கூட நுழைக்காது. எல்லோரும் வந்து மண்டியிட்டுப் பார்த்தார்கள். எனக்கு இந்த நாட்டில் நாலு நண்பர்கள் இருக்கிறார்கள், நாலு பேரும் அந்த வண்டியால் கிடைத்தவர்கள். அதை ஏற்றிவிட்டால் நான் மறுபடியும் பாடம் எடுக்க வந்த ஜெர்மன்காரன்.

இதெல்லாம் உனக்குப் பெரிதாகத் தெரியாது. உனக்கு முத்திரை இருக்கிறது. அதுவே போதும் உனக்கு, தம்பி எதற்கு.

கிலியான்


கெம்ப்டன்
8 ஜூன் 2015

கிலியானுக்கு,

ஆமாம், நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

2003 ஆகஸ்ட், வைட்னாவ் போகிற வழியில் அந்த வளைவு. எனக்கு இருபது வயது, உனக்குப் பதினைந்து. வண்டி மேட்டில் ஏறி இறங்கியபோது அறுத்த ஸ்பிரிங் இருப்பிடத்தை விட்டுக் கழன்றது. வண்டி வேலியை உடைத்துக்கொண்டு புல்வெளியில் போய் நின்றது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ "இன்னொரு தடவை போலாமா" என்று சிரித்தாய். நான் இறங்கி வேலி ஓரத்தில் வாந்தி எடுத்தேன். வெயிலில் மயக்கம் என்று உன்னிடம் சொன்னேன். உண்மையில், வேலிக்குப் பதில் மரம் இருந்திருந்தால் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்துத்தான் எடுத்தேன். பரிசோதகர் படிப்பில் சேர்ந்தது அந்தக் குளிர்காலத்தில். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லியிருந்தால் உன் கடைசி வரியை நீ எழுதியிருக்க மாட்டாய்.

அந்த வரி என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. வண்டிகளுக்கு அடியில் நின்று விளக்கு அடிக்கும்போதும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ரெகீனா பேருந்தில் நின்றுகொண்டு போனதும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

இத்துடன் ஒரு நகல் வைத்திருக்கிறேன். படித்துப் பார். படிவத்தை நிரப்பிவிட்டேன். "மேற்படி வாகனம் என்னுடையது. கெம்ப்டனில் என் வீட்டுக் கொட்டகையில் நிறுத்தப்படுகிறது. மே 23 முதல் 25 வரை மட்டும் என் சகோதரருக்கு இரவலாகத் தரப்பட்டது." அறிக்கை எழுதுகிற பழக்கத்தில் எழுதினேன், நன்றாகவே வந்திருக்கிறது. பொய்யும் உண்மையும் ஒரே நடையில்தான் இருக்கும் போலிருக்கிறது.

எழுதி முடித்த பிறகு கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். உனக்குத்தான் தெரியுமே, என் சைக்கிளும் குளிர்காலத்துக்கான விறகும்தான் அங்கே இருக்கும். யாராவது வந்து பார்த்தால் ஒரு கார் நிற்க இடம் வேண்டுமே. ஞாயிறு முழுவதும் விறகை வெளியே எடுத்து வேலி ஓரம் அடுக்கினேன். கொட்டகையைப் பெருக்கினேன். எண்ணெய்க் கறை கூட இல்லாமல் கார் நின்ற இடம் எப்படி இருக்கும் என்று தோன்றியது. அடுக்களையில் இருந்த பழைய எண்ணெயை எடுத்து வந்து தரையில் கொஞ்சம் ஊற்றினேன். அப்போதுதான் உட்கார்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போடுகிறேன். உனக்குப் பதவி கிடைக்கட்டும். எனக்குத் தம்பி வேண்டும்.

அக்கா


லுஸ்டெனாவ்
11 ஜூன் 2015

அக்கா,

நேற்று சாயங்காலம் நான் குறுஞ்செய்தியில் அனுப்பிய "போடாதே" என்ற ஒற்றைச் சொல் வந்து சேர்ந்ததா என்று தெரியாமல் தவித்தேன். காலையில் உன் "சரி" வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். இனி விவரமாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தேன். எண்ணெய் ஊற்றிய இடத்துக்கு வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. ரெகீனா வாங்கிப் படித்தாள். அவளுக்கு நம் விவகாரம் பாதிதான் தெரியும், நான் பாதிதான் சொல்லியிருந்தேன். படித்து முடித்து, கடிதத்தை மடித்து, தண்ணீர் குடித்தாள்.

"அங்க மழை பெய்யுதா?" என்று கேட்டாள்.

பெய்கிறது என்றேன்.

"உன்னோட மூணு சென்டிமீட்டருக்காக ஒருத்தி குளிர்கால விறகை மழையில போட்டிருக்கா. நீ இன்னும் செருப்பக் கூட மாட்டல."

செருப்பை மாட்டிக்கொண்டு டோர்ன்பிர்னுக்குப் பேருந்து ஏறினேன். மாவட்ட அலுவலகம் மூட அரை மணி நேரம் இருந்தது. அங்கிருந்த பெண் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி என்னுடையது, வந்த நாளிலிருந்து இங்கேதான் நிற்கிறது, அக்காவிடம் இரண்டு மாதம் என்று சொல்லிப் பெயரை வாங்கியது நான். அவர் தட்டச்சு செய்துகொண்டே வந்தார். உன் பெயரை விட்டுவிட முடியுமா என்று கேட்டேன். பதிவில் இருக்கிற பெயரை எப்படி விடுவது என்று கேட்டார், அதுவும் நியாயம்தான். இது உன் நிலையத்துக்கும் வந்து சேரும் என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். என்னை மன்னித்துவிடு. ஆனால் நீ எழுதிய தாள் மாட்டியிருந்தால் இதை விட மோசமாகப் போயிருக்கும்.

கடைசியில், உங்கள் அக்கா எங்களுக்கு என்ன பதில் எழுதுவார் என்று கேட்டார்.

"உண்மையத்தான் எழுதுவாங்க. அவங்களுக்கு வேற எதுவும் எழுதத் தெரியாது" என்றேன். அங்கே நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

இன்று காலை ரோப் கார் நிலைய மேலாளரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். வேறு யாரோ சொல்லி அவர் கேட்பதை விட அது மேல். திட்டவில்லை. இந்த வருடம் என்னோடு வேலை செய்யும் க்லாஸின் பெயரை அனுப்புவதாகவும், இரண்டு வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றும் சொன்னார். க்லாஸ் நல்லவன்தான். இருந்தாலும் மேலே போகும் கம்பியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வலிக்கவில்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடும்.

புல்வெளியில் நீ வாந்தி எடுத்தது எனக்குத் தெரியும். வெயில் என்று நம்பினேன். பன்னிரண்டு வருடமாக அதை ஒரு சிரிப்புக் கதையாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். கடைசி வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை, ஆனால் எடுத்துக்கொள்கிறேன்.

கிலியான்


கெம்ப்டன்
29 ஜூன் 2015

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் நீ கவலைப்படுகிற விஷயம். வேலை போகவில்லை.

உன் சொல் வந்த மறுநாளே வேறு படிவம் எடுத்து உண்மையை எழுதி அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து வரட்டும் என்று காத்திருக்காமல், நகலை எடுத்துக்கொண்டு எங்கள் தலைவர் ஷ்டைகர் அறைக்குப் போனேன். இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு மாசம்னு சொல்லி ரெண்டரை வருஷமா?" என்றார்.

ஆமாம் என்றேன். பொய்ப் படிவம் ஒன்று எழுதினேன், அனுப்பவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் வாய் நிற்கவில்லை. அவர் ஒரு தாளை முன்னால் இழுத்தார். எழுத்துமூலமான எச்சரிக்கை கொடுத்தார். வருடக் கடைசி வரை மாற்றம் செய்த வண்டிகளை நான் தொடக் கூடாது. கிராமம் கிராமமாகப் போய் டிராக்டரும் வைக்கோல் வண்டியும் சோதிக்க வேண்டும்.

முதல் நாள் அவமானமாக இருந்தது. எங்கள் கூடத்திலிருந்து நான் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதை எல்லோரும் பார்த்தார்கள். வெண்டெலின் மட்டும் வந்து பெட்டியைக் காரில் ஏற்றினார். "டிராக்டர்ல ஒரு சௌகரியம். யாரும் இறக்க மாட்டாங்க" என்றார். அழுகையோடு சிரித்தேன். இப்போது பழகிவிட்டது. விவசாயிகள் பால் கொடுக்கிறார்கள், கூடவே பிரேக் இல்லாத வண்டிக்குக் காரணமும் சொல்கிறார்கள். நம் அப்பா சொல்லுவாரே, அதே காரணங்கள்தான்.

விறகை உள்ளே எடுத்து அடுக்கிவிட்டேன். மேல் வரிசை நனைந்துவிட்டது, குளிர்காலத்துக்குள் காய்ந்துவிடும். தரையில் உள்ள கறை மட்டும் போகவில்லை.

உன் பதவி போனதற்காக வருத்தப்படுகிறேன். நீ போய்ச் சொன்னதற்காகச் சந்தோஷப்படுகிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கிறது, எதையும் குறைத்துச் சொல்ல முடியவில்லை. நீ அந்தப் பேருந்தில் ஏறியதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. நேரில் சொல்ல வெட்கமாக இருக்கும், அதனால் எழுதிவிடுகிறேன்.

வண்டியை ஏற்றியதும் சக்கரக் கோணத்தை மறுபடி சரிபார். முன்விளக்கையும் பார், மேலே அடிக்கும். உங்கள் ஊர்க் கட்டை எந்தப் பக்கத்திலிருந்து வருமோ தெரியாது, பன்னிரண்டாகவே வைத்துவிடு.

அக்கா


லுஸ்டெனாவ்
4 ஆகஸ்ட் 2015

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளை பிறந்த அன்று போனில் நாம் இருவரும் ஒன்றுமே பேசாமல் அழுததை ரெகீனா எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். பவுலினாவுக்கு இன்று இருபத்தாறு நாள். கொட்டாவி விட்டால் உன் மூக்கு. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

வண்டி இங்கே பதிவாகிவிட்டது. பன்னிரண்டு வைக்கவில்லை, பதினொன்றரை வைத்தேன், அதற்கு மேல் மனம் வரவில்லை. கட்டை இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. போன ஞாயிறு ரைன் கரைக்கு எடுத்துப் போனேன். தூரத்திலிருந்தே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "ஆட்டுக்கு ஹைஹீல்ஸ் மாட்டின மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். சுவிஸ்காரன் ரேட்டோ சுற்றி வந்து பார்த்து, இப்போதுதான் எங்கள் ஊர் வண்டி மாதிரி கண்ணியமாக இருக்கிறது என்றான். பிறகு யாரும் வண்டியைப் பார்க்கவில்லை, எல்லோரும் பிள்ளையின் படத்தைக் கேட்டார்கள். நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை, அக்கா. இரண்டரை வருடம் வீணாகப் பயந்திருக்கிறேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும்.

செப்டம்பர் ஆறாம் தேதி ஞானஸ்நானம். பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாய் யார் என்று பேச்சு வந்தபோது, ரெகீனாவின் தங்கைதான் என்று அவள் வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். ரெகீனா ஒப்புக்கொள்ளவில்லை. "தப்புன்னா தப்புன்னு சொல்ற ஒருத்தி வேணும். தம்பிக்காகத் தப்பு பண்ணவும் துணியற ஒருத்தி வேணும். எனக்குத் தெரிஞ்சு ரெண்டும் ஒரே ஆள்கிட்டதான் இருக்கு" என்றாள். அவள் அம்மாவே வாயை மூடிக்கொண்டார்.

நான் பங்குத்தந்தையிடம் போனேன். பதிவேட்டில் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தார். உங்கள் அக்கா திருச்சபையில்தானே இருக்கிறார் என்று கேட்டார்.

ஆறு வருடத்துக்கு முன்னால், திருச்சபை உறுப்பினர்களிடம் அரசு பிடிக்கும் வரி வேண்டாம் என்று நீ நகராட்சியில் கையெழுத்துப் போட்டு வெளியேறியது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் ஆஸ்திரியா, நீ ஜெர்மனி. ஆமாம் என்று நான் தலையை ஆட்டியிருந்தால் போதும், நேராக எழுதியிருப்பார். நீ அங்கே இருந்திருந்தால் என் கழுத்து அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பாய்.

"இல்ல ஃபாதர், வெளிய போயிட்டாங்க" என்றேன்.

அப்படியானால் ஞானத்தாய் ஆக முடியாது, அது விதி என்றார். பேனாவை மூடிவிட்டார். அதனால் பதிவேட்டில் ரெகீனாவின் தங்கை பெயர்தான் வருகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் பார்த்துவிட்டார். பிறகு, பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டி வரைக்கும் யார் தூக்கி வர வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதியிருப்பதாகத் தனக்கு ஞாபகம் இல்லை என்றார்.

ஆகவே காலை பத்து மணிக்குக் கோயில் வாசலில் நில். கையெழுத்து எதுவும் போட வேண்டாம் அக்கா. வந்து தூக்கிக்கொள்.

உன் கிலியான்